பம்பைக்குப் பின்னால் டிரம் மெஷின் போகுமா?

முதுநகர் லேத் எழுதியது:

வணக்கம். கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு கிதார். இன்டஸ்ட்ரியல், டூம், நாய்ஸ் என்று இரும்புச் சத்தமும் கனமுமான இசையைப் பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பம்பைக்கார அண்ணன் இருக்கிறார். அங்காளம்மன், மாரியம்மன் கோயில்களில் பம்பை உடுக்கையோடு வருணிப்புக்குப் போகிறவர். ஆடி மாதம் வந்துவிட்டால் ஆள் வீட்டிலேயே இருக்க மாட்டார். சின்ன வயதில் அவர் அடிக்கக் கேட்டபோது நெஞ்சில் என்ன நடந்ததோ, அதேதான் பின்னாளில் காட்ஃபிளெஷ் என்ற இன்டஸ்ட்ரியல் மெட்டல் குழுவைக் கேட்டபோதும் நடந்தது. இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

போன தை மாதம் அவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். டிரம் மெஷினை 90 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 90 அடியில், ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டு, "இதோட சேர்ந்து அடிங்கண்ணே" என்றேன். ஒரு நிமிஷம் ஒட்டிப் போனார். அப்புறம் அடி மேலே ஏறத் தொடங்கியது, மெஷினின் கிளிக் பின்னால் நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு அடித்தார். அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைக்குக் கிடைத்ததிலேயே உயிருள்ளது. ஆனால் நான் என்ன செய்தேன்? முதல் நிமிஷத்திலிருந்து நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று) வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கி, மேலே டிஸ்டார்ஷன் கிதாரைப் போட்டுவிட்டேன். கேட்கக் கனமாகத்தான் இருந்தது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

டீக்கடையில் வைத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். போனைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நான் அடிச்சது இல்லியே. என் அடி ஏறிப் போவும். இது நின்ன எடத்துலயே நிக்குது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து, புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் அந்தப் பத்து நிமிஷ ரெக்கார்டிங்கைக் கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஒவ்வொரு அடியையும் இழுத்து, கம்ப்யூட்டரின் சம இடைவெளிக் கட்டத்தில் உட்கார வைத்துக் கொடுத்தார்கள். கீபோர்டில் வரும் ரெடிமேட் தாளம் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சாமி அழைக்கும் அடியைப் பட்டறையில் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது எனக்குப் புரிகிறது, அதைக் கேட்கப் போவதுமில்லை. மற்ற அடிகளுக்கு அவர் தயார்.

என் கேள்வி: இரண்டு வேறு உலகத்து ஆட்கள் சேர்ந்து செய்யும்போது காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், யாருடையது? மெஷினை அவருக்குப் பின்னால் போக வைக்க வழி உண்டா? வெளிநாட்டு அண்டர்கிரவுண்டில் இப்படி நிறைய நடந்திருக்கிறதே, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?


முத்தியால்பேட்டை பாஸ் எழுதியது:

அண்ணா, முதலில் அந்தப் பத்து நிமிஷ ஃபைலை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அதுதான் பாட்டு.

செய்முறையைச் சொல்கிறேன். ரெக்கார்டிங்கை ரீப்பர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு, அவருடைய ஒவ்வொரு ஆவர்த்தத்தின் முதல் அடியிலும் ஒரு டெம்போ மார்க்கர் (வேகக் குறி) வைத்துக்கொண்டே போங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகும். முடித்ததும் கட்டம் அவருக்கேற்ப வளைந்திருக்கும். டிரம் மெஷினை அந்தக் கட்டத்தின் மேல் ஓட்டினால் அவர் ஏறும்போது அதுவும் ஏறும். ஸ்டுடியோவில் உங்களுக்குச் செய்ததற்கு நேர் தலைகீழான வேலை இது, ஆனால் சாஃப்ட்வேர் ஒன்றே.

இரண்டாவது வழி, பம்பையின் கட்டையில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பியசோ தகட்டை ஒட்டி, அதை டிரிகராக வைப்பது. அவர் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு கிக் டிரம் சத்தத்தைக் கிளப்பும். தகடு விலை மலிவு. மைக்குக்குக் கேட்காத கட்டையின் உள் அதிர்வும் அதில் கிடைக்கும்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். டிரம் மெஷின் அவசியம்தானா? ஜோக்ஜகார்த்தாவின் சென்யாவாவைக் கேட்டிருக்கிறீர்களா? 2010-ல் தொடங்கிய இருவர் குழு. ருல்லி ஷபாராவின் குரல், வுகிர் சூர்யாடி மூங்கிலில் தன் கையாலேயே செய்த நரம்புக் கருவி, அவ்வளவுதான். டூம் மெட்டலின் கனம் அப்படியே இருக்கும், கிளிக் என்று ஒன்று கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துக்கொண்டே போவார்கள். 2021-ல் அவர்களுடைய அல்கிசா ஆல்பத்தை ஒரே சமயத்தில் பல நாடுகளில் 44 சின்ன லேபிள்கள் வெளியிட்டன. நம் மாதிரி ஊர்களிலிருந்து செய்கிறவர்களுக்கு அது பெரிய தெம்பு.

கூட்டணி என்றால் அமெரிக்காவின் சன், ஜப்பானின் போரிஸ் என்ற இரண்டு குழுக்களும் சேர்ந்து 2006-ல் ஆல்டர் என்ற ஆல்பம் செய்தார்கள். எந்த கிதார் எந்தக் குழுவுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுக்கொள்ளும் ஸ்பிளிட் ரெக்கார்டு வேறு, இது வேறு. உங்களுடையது இந்த இரண்டாவது வகையாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் இங்கே ஜூன் 21 இசை நாளில் ஒவ்வொரு வருஷமும் தெருவில் வாசிக்கிறேன். ஒரு தடவை பக்கத்து முனையில் தவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரம்மர் கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்குச் சேர்ந்து வாசித்திருக்க வேண்டும். தயங்கி நின்றுவிட்டோம். நீங்கள் தயங்காதீர்கள்.


மில் சங்கு எழுதியது:

தம்பி, எனக்கு சாஃப்ட்வேர் தெரியாது. கேட்கிறவள் மட்டும்தான். அப்பா முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். அவர் வீட்டுக்கு வந்தாலும் சத்தமாகத்தான் பேசுவார், தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகிய குரல். எங்கள் வீட்டில் கடிகாரம் தேவைப்படவில்லை, மில் சங்கு ஊதினால் அரிசி களைவோம். அந்த மில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது கடலூர் சாலையில் அந்த மதிலை ஒட்டிப் போகும்போது அந்த அமைதிதான் எனக்கு உறைக்கிறது.

அதனால் சொல்கிறேன், இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லண்டனில் 1981-ல் தொடங்கிய டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற குழு, பழைய இரும்பையும் பீப்பாயையும் தட்டி வாசித்தார்கள். 1984-85-ல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, தென் வேல்ஸில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒரு ரெக்கார்டு போட்டார்கள். ஒரு பக்கம் இரும்புச் சத்தம், ஒரு பக்கம் கோரஸ் பாடிப் பழகிய சுரங்கக்காரர்கள். அவர்களை வெட்டி லூப் ஆக்கவில்லை. முழுப் பாட்டாகப் பாட விட்டார்கள். பெயரும் சேர்த்தே போட்டார்கள். பெயரைப் போடுவதில்தான் எனக்கு எல்லாமே இருக்கிறது.

நம் ஊரிலும் மில்லுக்குக் கதை உண்டு. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. தறிச் சத்தத்தை யாரும் ரெக்கார்டு செய்து வைத்ததாக நான் கேட்டதில்லை. அப்பாவோடு போய்விட்டது.

அந்த அண்ணன் "இது நான் அடிச்சது இல்லியே" என்றது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது அவர் பெயர் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். "பம்பை உதவி" என்று கீழே பொடி எழுத்தில் போடாதீர்கள். வந்த அன்றே கூலியும் கொடுத்துவிடுங்கள், கோயிலுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குவாரோ அதையே. பாட்டு விற்றால் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லக் கூடாது. பட்டறைக்கு வந்த நாளில் அவர் வேறு வேலையை விட்டுவிட்டுத்தானே வந்திருப்பார்?


நெய்வேலி ஷிஃப்ட் எழுதியது:

பாஸ் அண்ணன் சொன்ன டெம்போ மேப், அதாவது கட்டத்தை வளைக்கும் வழி, எனக்கு ஒப்பவில்லை. மெஷினை வளைத்துவிட்டால் அப்புறம் அது எதற்கு? பர்மிங்காமில் 1988-ல் காட்ஃபிளெஷ் தொடங்கியபோது பிராட்ரிக்கும் கிரீனும் டிரம்மருக்குப் பதில் டிரம் மெஷின் வைத்துக்கொண்டதே, அது இரக்கம் காட்டாது என்பதால்தான் என்று அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அவர்களுடைய ஸ்ட்ரீட்கிளீனர் ஆல்பத்தில் கிதார் அந்த மெஷின் மேல் முட்டி முட்டி ரத்தம் கக்குவதுதான் அழகு. பம்பையும் அப்படி முட்டட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் முதுநகர் அண்ணே. லேத் பட்டறை என்கிறீர்கள். உங்கள் கைக்குப் பக்கத்திலேயே ஒரு மெஷின் இருக்கும்போது பெட்டியில் வரும் மெஷின் எதற்கு?

நான் எலக்ட்ரீஷியன். மோட்டார் கணக்கு சொல்கிறேன். நாலு போல் (காந்த முனை) இண்டக்ஷன் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் சுற்றுவது நிமிஷத்துக்கு 1500. தகட்டில் 1440 என்று போட்டிருக்கும், அது முழு லோடில். சும்மா ஓடும்போது 1490 பக்கம் போகும். ஆக, நீங்கள் லேத்தில் வெட்டும் டூலை ஆழமாகக் கொடுக்கக் கொடுக்க வேகம் தழையும், எடுத்தால் திரும்ப ஏறும். நிஜ மெஷின் எதிரில் இருப்பதற்கு ஏற்ப மூச்சு விடும். டிரம் மெஷினுக்கு அது கிடையாது.

மோட்டாருக்கு வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டால் வேகம் ஒரு குமிழில் வந்துவிடும். 30 ஹெர்ட்ஸிலிருந்து 50 வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போகலாம். பம்பை ஏறினால் நீங்களும் ஏற்றலாம். யோசித்துப் பாருங்கள்.


முதுநகர் லேத் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நெய்வேலித் தம்பி சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்கா, நீங்கள் சொன்ன கூலி விஷயத்தை முதலில் செய்தேன். தை மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தேன். "அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தியே தம்பி, போதும்" என்றார். கையில் வைத்து மூடிவிட்டேன்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். பழைய ஆறடி லேத். வி.எஃப்.டி. பக்கத்துப் பட்டறையில் கடன் வாங்கி மாட்டினேன். லேத்தில் சுற்றும் பிடியான நாலு தாடைச் சக்கில் ஒரு இன்ச் சதுரக் கம்பியைப் பிடித்தேன். லேத் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உருண்டைக் கம்பி என்றால் டூல் விடாமல் சீவும், ஒரே ரீங்காரம்தான் வரும். சதுரக் கம்பியில் நாலு மூலை மட்டும்தான் டூலில் படும். ஒரு சுற்றுக்கு நாலு அடி. வேகத்தைக் குறைக்கும் பேக் கியரில் போட்டு, வி.எஃப்.டி.யை 30 ஹெர்ட்ஸில் வைத்தால் சக் நிமிஷத்துக்கு 42 சுற்று. டக்-டக்-டக்-டக் என்று 168 அடி. கார்பைட் டூல் இந்த அடிக்குத் தாங்காமல் முனை சிதறிவிடும், அதனால் ஹெச்எஸ்எஸ் எஃகு பிட். டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் பியசோ தகட்டைக் காந்தம் வைத்து ஒட்டினேன். கேபிளைச் சக்கின் பக்கமே வராமல் மேலே உத்தரத்தில் கட்டிவிட்டேன். யாராவது செய்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அண்ணன் வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடல் காற்றில் தோல் தளர்ந்திருந்தது, கயிற்றை இழுத்து இழுத்து ஏற்றிக்கொண்டார். ஹெட்போன் கிடையாது. கிளிக் கிடையாது. நான் லேத்தை ஓடவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா கேட்டார். பிறகு "இது ஆளு மாதிரி தட்டுது" என்று சொல்லிக் குச்சியை எடுத்தார்.

அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏற ஏற நான் குமிழைத் திருப்பினேன். வலது கை, டூலை உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடில். ஆழம் கொடுத்தால் சத்தம் தடிக்கும், வேகம் ஒரு நூல் தழையும். அவர் அதைக் கவனித்து அந்த இடத்தில் இழுத்து அடித்தார். நானும் அடுத்த முறை வேண்டுமென்றே ஆழம் கொடுத்தேன். பேசவே இல்லை, இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

நான் முன்கூட்டி யோசிக்காத ஒன்று நடந்தது. ஒரு ஓட்டம் முடிந்ததும் டூலை விலக்கி, அதைத் தாங்கும் கேரேஜைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தச் சில நொடி இரும்புச் சத்தம் இல்லை, பம்பை மட்டும். அப்படி ஐந்து ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கம்பியின் மூலை மழுங்கிக்கொண்டே வருகிறது. மூலை மழுங்க மழுங்க டூல் இரும்பில் இருக்கும் நேரம் கூடுகிறது, இடைவெளி குறைகிறது. முதலில் டக்-டக் என்று இருந்தது மூன்றாவது ஓட்டத்தில் டர்ர்-டர்ர் என்று ஆகி, நாலாவதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது ஓட்டத்தில் கம்பி முழுக்க உருண்டை. அடி போய், நீளமான ஒரே ஓலம். அந்த ஓலத்தின் மேல் அண்ணன் தன்னந்தனியாக, உச்ச வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். சதுரம் உருண்டையாக ஆகிற நேரம்தான் பாட்டின் நீளம்.

இருபத்திரண்டு வருஷமாக நான் தினமும் கேட்கிற சத்தம் இது. ஒரு தடவை கூட இப்படிக் கேட்டதில்லை.

கிதாரை அன்றைக்கு வாசிக்கவில்லை. வி.எஃப்.டி. ஓடும்போது கிதாரின் பிக்கப்பில் கீச்சென்று ஒரு சத்தம் ஏறிவிடுகிறது. அடுத்த நாள் தனியாக வாசித்துச் சேர்த்தேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் அண்ணனின் மைக்கில் நன்றாகவே விழுந்திருந்தது. அதை நீக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது அதன் இரண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். கிதாரின் கீழ் ஜி சுரம் 98. டிரான்ஸ்ஃபார்மர் அதைவிட 35 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்) மேலே. அதனால் கிதாரையே 35 சென்ட் ஏற்றி ட்யூன் செய்துகொண்டேன். இப்போது தெரு மின்சாரமும் கிதாரும் ஒரே சுருதி.

பிளாக் சபாத் குழுவின் கிதார்க்காரர் டோனி ஐயோமியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனியை மெஷினுக்குக் கொடுத்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டு, பின்னால் கம்பிகளையும் தளர்த்தி வாசித்தார். அந்தத் தளர்த்தலில் கிடைத்த கனத்தில்தான் நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்கு லேத் முன்னால் நின்றபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. என் இடது கை ஆள்காட்டி விரல் நுனியிலும் ஒரு தழும்பு இருக்கிறது, சக் கொடுத்தது.

நெய்வேலித் தம்பி, உங்கள் வாதத்துக்கு ஒரு பதில்: முட்டவும் முட்டியது. நான் ஆழம் கொடுத்த இடமெல்லாம் முட்டல்தான். ஆனால் அவருக்கும் முட்டக் கை இருந்தது.


முத்தியால்பேட்டை பாஸ் எழுதியது:

அண்ணா, படித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வி.எஃப்.டி. கீச்சுக்கு: கிதார் கேபிளையும் மோட்டார் கேபிளையும் இணையாகப் போக விடாதீர்கள். மோட்டாருக்கு ஷீல்டு போட்ட கேபிள், எர்த் ஒழுங்காக. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பாக இருந்தால் மெயின் கரண்டின் ரீங்காரம் நன்றாகக் குறையும், கீச்சுக்கு வி.எஃப்.டி.யைத் தள்ளி வைப்பதுதான் வழி.

அண்ணனுக்குப் போட்டுக் காட்டினீர்களா?


முதுநகர் லேத் எழுதியது:

காட்டினேன். அதே டீக்கடை. இந்தத் தடவை நல்ல ஹெட்போன் எடுத்துப் போனேன். பன்னிரண்டு நிமிஷமும் கேட்டார், டீ ஆறிவிட்டது. நாலாவது ஓட்டம் வரும்போது விரல் தொடையில் தட்டத் தொடங்கியது.

கழற்றிக் கொடுத்துவிட்டு, "மூணாவதுல நான் ஒரு எடத்துல அவசரப்பட்டுட்டேன் தம்பி. மறுபடி எடுக்கணும்" என்றார்.

ஆடி முடிந்ததும் எடுக்கிறோம். இன்ச் சதுரக் கம்பி நாலு அடி வாங்கி மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். அதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு வி.எஃப்.டி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே ஒன்று வாங்க வேண்டும். இரண்டு ஹெச்பி மோட்டாருக்கு, சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி மூன்று ஃபேஸ் கொடுப்பது மாதிரி, பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.